தேக்கின் வளையங்களில் மழையும் பஞ்சமும்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டாரத்தில் வேர்விட்டு நிற்கும் ஒரு மரம் ஆண்டுதோறும் இரண்டு மழைக்காலங்களையும், அவற்றையொட்டி வரும் வறண்ட காலங்களையும் கடந்தாக வேண்டும். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து மாலைநேர இடிமழையால் ஓரளவு ஈரம் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஆண்டின் பெரும்பங்கைச் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. தை பிறந்த பின் சித்திரைக் கோடைமழை வரையில் செம்மண் மேடுகள் இறுகிக் கிடக்கின்றன. இடம்பெயர இயலாத மரம் இந்த ஏற்ற இறக்கங்களைத் தன் கட்டையிலேயே வாங்கிக்கொள்கிறது. வளர்ச்சி நடந்த காலத்தையும் நின்ற காலத்தையும் பிரித்துக் காட்டும் கோடுகளே வளர்ச்சி வளையங்கள். அவற்றை ஆண்டோடு ஆண்டாகப் பொருத்திப் பார்த்து, வறட்சி, வெள்ளம், புயல், பூச்சி, தீ ஆகிய நெருக்கடிகளுக்கு மரமும் புதரும் எப்படி ஈடுகொடுத்தன என்று அறியும் துறை மரவளைய ஆய்வு எனப்படுகிறது.

மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு உறைபோலச் சூழ்ந்திருக்கிறது. அது உள்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் உண்டாக்குகிறது. நீரும் உணவும் கிடைக்கும் வரை செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். நீர் குறைந்தால் பிரிவது மந்தமாகும். இலையுதிர்ந்து மரம் உறங்கும்போது அறவே நிற்கும். மீண்டும் தளிர்க்கும்போது புதிதாகப் பிறக்கும் செல்கள் முந்திய பருவத்தின் கடைசிச் செல்களிலிருந்து அளவிலும் சுவர்த் தடிப்பிலும் வேறுபடுவதால் இரண்டுக்கும் இடையே ஓர் எல்லை விழுகிறது. குளிர்நாட்டு மரத்தை உறங்கவைப்பது பனி. இந்த மண்ணின் மரத்தை உறங்கவைப்பது வறட்சி.

இந்த எல்லை எல்லா மரங்களிலும் தெளிவாக விழுவதில்லை. ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் மரங்களில் கோடு மங்கலாகவோ அறவே இல்லாமலோ போகலாம். ஒரே ஆண்டில் இரண்டு மழை பெறும் இடங்களில் நடுவே ஒரு பொய்வளையம் தோன்றவும் கூடும். பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றில் ஆண்டுதோறும் கட்டை சேர்க்கும் கேம்பியமே இல்லை என்பதால் வளையமும் இல்லை. வெப்பமண்டல மரங்களில் ஆண்டு வளையமே கிடையாது என்று மேலைநாட்டு அறிஞர் பலர் நெடுங்காலம் எழுதிவந்ததற்கு இத்தகைய மரங்களே காரணம். அந்தக் கருத்து எவ்வளவு அவசரமானது என்பதைத் தெளிவாகக் காட்டியது தேக்கு.

நன்கு இழைத்து, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிய ஒரு தேக்குக் குறுக்குவெட்டைக் கைலென்சு கொண்டு நோக்கினால் தேக்கின் சிறப்பு விளங்கும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும், வெறுங்கண்ணுக்கே ஊசித்துளைபோல் தெரியும் பெரிய நீர்நாளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வெளிறிய மென்திசுப் பட்டை ஒன்று ஓடுகிறது. கோடைமழையில் தளிர்விடும் மரம் அவசரமாக நீரேற்றுவதற்கு அமைத்துக்கொண்ட குழாய்கள் அவை. வெளிநோக்கிச் செல்லச் செல்ல நாளங்கள் சிறுத்து, எண்ணிக்கையில் குறைந்து, அடர்ந்த நார்த்திசுவுக்கு இடம் விடுகின்றன. அதன்பின் திடீரென மீண்டும் ஒரு பெருந்துளை வரிசை தொடங்குகிறது. இடையிலுள்ள எல்லைதான் மரம் இலையின்றி நின்ற தை, மாசி, பங்குனி. வைரம் பாய்ந்த உட்பகுதியில் சில துளைகள் வெள்ளை அல்லது மஞ்சள் படிவால் அடைபட்டிருக்கும். தச்சர் பலகையில் ரேகை என்று பார்ப்பது இந்த வரிசைகளே, நீளவாக்கில் அறுபட்ட நிலையில்.

இந்திய மரங்களின் வளையங்களைப் பற்றி ஜே. எஸ். கேம்பிள் 1881இல் வெளியிட்ட இந்திய மரக்கட்டைகள் பற்றிய கையேட்டிலேயே குறிப்புகள் உண்டு. தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. அகமது சௌதுரி 1930களின் இறுதியில் இந்திய மரங்களில் வளையம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைப் பருவந்தோறும் கட்டையை ஆராய்ந்து எழுதினார். அதற்கும் முன்பு, 1931இல், பெர்லாகே என்ற டச்சு வானிலை அறிஞர் ஜாவாத் தேக்கின் வளையங்களைக் கொண்டு 1514 முதல் 1929 வரை நீளும் ஒரு தொடரை அமைத்து, அதை அந்தத் தீவின் மழையோடு ஒப்பிட்டிருந்தார். தேக்கின் வளையம் ஆண்டுக்கு ஒன்று என்பதைச் சரிபார்க்கக் கேரளத்தின் நிலம்பூரும் உதவுகிறது: அங்கே மலபார் ஆட்சியர் கொனொலியின் காலத்தில், 1840களில், சாத்து மேனோனின் மேற்பார்வையில் நடப்பட்ட தேக்குத் தோட்டத்தின் நடவு ஆண்டுகள் ஏட்டில் இருப்பதால், வயது தெரிந்த மரத்தின் வளையத்தை எண்ணிப் பார்க்க முடிகிறது.

வளையத்தை எண்ணுவதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் வானியலாளராக இருந்த ஏ. இ. டக்ளஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டிய குறுக்குப் பொருத்தம் என்னும் முறையே இத்துறைக்கு முதுகெலும்பு. ஒரே வட்டாரத்தில் வளர்ந்த மரங்கள் ஒரே மழையையும் ஒரே வறட்சியையும் பெற்றவை என்பதால், அவற்றின் குறுகிய வளையங்களும் அகன்ற வளையங்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைய வேண்டும். ஒரு மரத்தில் மூன்று குறுகிய வளையங்களை அடுத்து ஓர் அகன்ற வளையம் வந்து, மற்றொரு மரத்தில் அதே வரிசை ஓராண்டு தள்ளி வந்தால், இரண்டில் ஒன்றில் வளையம் ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது பொய்வளையம் ஒன்று கூடியிருக்கிறது என்று அறியலாம். பல மரங்களை இப்படி ஒன்றோடொன்று பொருத்திய பின்பே ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு எழுதப்படுகிறது. உயிருள்ள மரத்தை வெட்டாமல், உள்ளீடற்ற துளைக்கருவியால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியாக மாதிரி எடுக்கலாம். ஒரு மரத்தில் குறைந்தது இரண்டு திசைகளிலாவது எடுப்பது வழக்கம். அகலங்களை நூறில் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்து, இளமரம் வேகமாகவும் முதுமரம் மெதுவாகவும் பருக்கும் இயல்பைக் கணக்கிலிருந்து கழித்து, எஞ்சும் ஏற்ற இறக்கமே சூழல் பற்றிய செய்தியாகக் கொள்ளப்படுகிறது.

புனேவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த எச். பி. போர்காவ்ங்கரும் அவருடைய குழுவினரும் கேரளத் தேக்குகளிலிருந்து அமைத்து 2010இல் வெளியிட்ட தொடர், தென்னிந்தியாவுக்குக் கிடைத்த மிக முக்கியமான மரவளைய ஆவணம். அது 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுகளுக்கு இடைவெளியின்றிச் செல்கிறது. பருவமழை பொய்த்த ஆண்டுகளிலும், பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளிலும் தேக்கின் வளர்ச்சி குன்றியிருப்பதை அந்த ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஒழுங்கான மழைமானிப் பதிவுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. விஜயநகர ஆட்சிக் காலத்தில் மழை எப்படிப் பெய்தது என்று கேட்பவருக்குக் கல்வெட்டு தரும் சிதறிய குறிப்புகளுக்கு அப்பால், ஆண்டு தவறாமல் விடை தரக்கூடிய சாட்சி இந்தக் கட்டைதான்.

அதே 2010ஆம் ஆண்டில் எட்வர்ட் குக் தலைமையிலான குழு, ஆசியா முழுவதும் திரட்டிய முந்நூறுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைக் கொண்டு ஆசியப் பருவமழைப் பகுதியின் வறட்சி வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. அத்தொகுப்பு தனித்து எடுத்துக்காட்டிய பெருவறட்சிகளுள் ஒன்று 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது; தமிழர் அதைத் தாது வருடப் பஞ்சம் என்று அறிவர். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட அந்தப் பஞ்சத்துக்கு மழையின்மையோடு அன்றைய அரசின் தானியக் கொள்கையும் காரணமாயிருந்தது என்பதை மறக்கலாகாது. வானம் எவ்வளவு பொய்த்தது என்பதை மட்டுமே மரம் சொல்லும். களஞ்சியத்திலிருந்த நெல் யாருக்குப் போனது என்பதை ஏடுகளிலும் மக்கள் நினைவிலும் தேட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான், எவ்வளவு வறட்சிக்கு எவ்வளவு சாவு என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்க முடியும். மரவளைய ஆய்வு வரலாற்றாசிரியருக்குச் செய்யும் பேருதவி இது.

இங்கே ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிடுவது பொருந்தும். தென் அரைக்கோளத்தில் வளர்பருவம் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழுவதால், வளையம் தொடங்கிய ஆண்டையே அதற்குரிய ஆண்டாகக் கொள்வது ஆய்வாளர் மரபு. தென்னிந்தியத் தேக்கு பெரும்பாலும் கோடைமழையோடு தளிர்த்து, மார்கழிக்குப் பின் இலையுதிர்க்கிறது. ஆகவே அதன் வளையம் சனவரியில் தொடங்கும் ஆண்டைவிடச் சித்திரையில் தொடங்கும் தமிழ் ஆண்டோடு இயல்பாகவே ஒட்டிப்போகிறது. பஞ்சங்களைத் தாது என்றும் பிற ஆண்டுப் பெயர்களாலும் நினைவில் வைத்திருக்கும் ஊர்களில் கட்டையையும் வாய்மொழிச் செய்தியையும் ஒப்பிட முனைபவருக்கு இது பயன்படும்.

எனினும், குறுகிய வளையத்தைக் கண்டதும் வறட்சி என்று எழுதிவிடுவது இத்துறையில் எளிதில் நேரும் பிழை. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் சூட்டை அறியச் சூளைக்குள் வைக்கும் கூம்பு வடிவக் கோனை இதற்கு ஒப்பிடலாம்: வளைந்து சாய்ந்த கோன் உச்ச வெப்பநிலையை மட்டும் தனியே தெரிவிப்பதில்லை, வெப்பமும் அது நீடித்த நேரமும் சேர்ந்து மண்ணின்மேல் நிகழ்த்திய மொத்த வேலையைத் தெரிவிக்கிறது. வளையமும் அவ்வாறே மழை, வெப்பம், மண்ணின் ஆழம், அண்டை மரத்தின் நிழல், முந்திய ஆண்டில் சேமித்த மாவுச்சத்து, பூச்சி ஆகிய அனைத்தின் கூட்டு விளைவு. நிலம்பூர்த் தேக்கில் இதற்கு அழுத்தமான சான்று கிடைத்தது. ஹைப்ளியா பியூரா என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் கோடைமழைக்குப் பின் துளிர்த்த இளந்தளிர்களைச் சில நாட்களில் மொட்டையாகத் தின்றுவிடுகின்றன. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். எஸ். நாயரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இப்புழுக்களால் இளந்தோட்டத் தேக்குகள் அடைந்திருக்கக்கூடிய கனஅளவு வளர்ச்சியில் 44 விழுக்காடு இழக்கப்படுவது தெரியவந்தது. நல்ல மழை பெய்த ஆண்டிலும் வளையம் குறுகிப்போக இது ஒன்றே போதும். பூச்சி தாக்காத வேறோர் இன மரம் அதே இடத்தில் அதே ஆண்டில் அகன்ற வளையம் காட்டினால், குற்றம் மழையுடையதன்று என்று தெளியலாம். சாட்சியைச் சாட்சியால் சோதிக்கும் இந்த ஒப்பீடு இல்லாத மரவளைய ஆய்வை நம்புவதற்கில்லை.

கடலூர் மாவட்டம் அண்மைக் காலத்தில் அடுத்தடுத்துச் சந்தித்த மூன்று நெருக்கடிகள், இத்தகைய ஒப்பீட்டுக்கு அரிய வாய்ப்பைத் தந்திருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, முந்திரித் தோப்புகளையும் பண்ருட்டிப் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர், டிசம்பரில் பெருமழையும் வெள்ளமும் மாவட்டத்தை மூழ்கடித்தன. மறு ஆண்டிலேயே, 2016இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, வறட்சி நிலத்தை வாட்டியது. காற்று, நீர்மிகுதி, நீரின்மை என்னும் மூன்றும் ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் நாளும் அளவும் அறியப்பட்ட நிலையில் நிகழ்ந்திருப்பதால், இவ்வட்டாரத்துக் கட்டைகளில் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் தனித்தனியே தேட முடியும்.

புயலின் அடையாளம் வளையத்தின் அகலத்தில் மட்டும் இராது. அதன் வடிவத்திலும் இருக்கும். காற்றால் சாய்ந்தும் உயிர்பிழைத்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகக் கட்டை சேர்க்கிறது. தேக்கு, பலா போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்வின் மேற்பக்கத்தில் இழுகட்டையை உண்டாக்குகின்றன. அதிலுள்ள நார்களின் உட்சுவரில் பசைபோன்ற தனிப்படலம் படிந்து, கயிறுபோல் தண்டை மேல்நோக்கி இழுக்கிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் இதற்கு மாறாகச் சாய்வின் கீழ்ப்பக்கத்தில் அழுத்தக் கட்டையை வைத்துத் தண்டை முட்டுக்கொடுத்துத் தள்ளுகின்றன. ஆகவே தானே புயலில் சாய்ந்து தப்பிய மரத்தில் 2012 முதல் வளையங்கள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, நடுத்தண்டு மையம் விட்டு விலகியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். அந்த ஒருச்சாய்வு தொடங்கிய வளையத்தைக் கண்டால் காற்றின் ஆண்டும், தடித்த பக்கத்தைப் பார்த்தால் மரம் சாய்ந்த திசையும் ஒருங்கே புலப்படும். வெள்ளத்தின் விளைவு இன்னும் சிக்கலானது. நீர் தேங்கிய மண்ணில் வேர்களுக்கு உயிர்வளி கிடைக்காமல் வளர்ச்சி நிற்பதால், மழை மிகுந்த ஆண்டும் குறுகிய வளையத்தைத் தரலாம். அமேசான் ஆற்று வெள்ளச் சமவெளியில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் நீரில் நிற்கும் மரங்கள் அந்த வெள்ளக் காலத்திலேயே உறங்கி வளையம் இடுகின்றன என்பதை மார்ட்டின் வோர்பஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1980களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். வறட்சியின் அடையாளமோ ஓராண்டு பின்தங்கி வரக்கூடும்: ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த 2016இன் இழப்பை, மண்ணில் ஈரம் சேமிக்கப்படாத நிலையில் தளிர்விட நேர்ந்த 2017ஆம் ஆண்டு வளையத்தில் தேடுவதே முறை.

அகலம் சொல்லாததை வளையத்தின் வேதியியல் சொல்கிறது. மரக்கட்டையின் செல்லுலோசில் உள்ள ஆக்சிஜன் அணுக்களுள் கனமானவையும் இலேசானவையும் உண்டு. அவற்றின் விகிதம் மரம் உறிஞ்சிய மழைநீரின் விகிதத்தையும், இலைவழி நீராவியான அளவையும் பொறுத்து மாறுகிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழையின் நீரில் கனமான ஆக்சிஜன் தென்மேற்குப் பருவமழையைவிடக் குறைவு என்பதால், ஒரே வளையத்தை மெல்லிய சீவல்களாகப் பிரித்து அளந்தால் எந்தப் பகுதி எந்தப் பருவத்து நீரால் ஆனது என்று பிரித்தறிய வழியுண்டு. அகமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர். ரமேஷும் அவரைச் சார்ந்தோரும் இந்தியத் தேக்கில் இவ்வழியை வளர்த்தெடுத்தனர். இரண்டு மழைக்கு நடுவே வாழும் விருத்தாசலம் போன்ற வட்டாரங்களுக்கு வேறெந்த உத்தியைவிடவும் இதுவே பொருத்தமானது. கார்பனிலும் இதுபோன்ற சான்று உண்டு: நீர் தட்டும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ள, உள்ளே அடைபட்ட காற்றிலிருந்து வழக்கத்தைவிட மிகுதியாகக் கனமான கார்பனையும் மரம் ஏற்க வேண்டியதாகிறது, எனவே வறட்சி ஆண்டின் கட்டையில் அதன் பங்கு உயர்கிறது.

வளையம் தெளிவற்ற மரங்களின் வயதைப் பற்றி எச்சரிக்கையோடு பேசுவதே அறிவுடைமை. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் திருப்பணியாளருக்கு அதன் இலைகளைக் கூலியாகக் கொடுக்க, அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொன்னாயின என்பது தலவரலாறு. இத்தகைய முதுமரங்களுக்குப் பல நூற்றாண்டு வயது கூறப்படுவது தமிழ்நாடெங்கும் வழக்கம். அடிமரத்தின் சுற்றளவைக் கொண்டு வயது கணிப்பது நம்பத்தக்கதன்று. ஏனெனில் ஆற்றோர மரம் முப்பது ஆண்டில் பருக்கும் அளவுக்கு மேட்டு நிலத்து மரம் பருக்க நூறாண்டு ஆகலாம். முதுமரங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் உளுத்துக் கோறையாகிவிடுவதால் முதல் வளையங்கள் எஞ்சுவதும் இல்லை. தலமரத்தில் துளையிடுவது எவ்வாற்றானும் தகாது. வழிபடும் மக்களின் மனத்தைப் புண்படுத்திப் பெறும் தரவு எந்த ஆய்வுக்கும் பெருமை சேர்க்காது.

மரம் வளராத இடங்களில் இந்த ஆய்வைப் புதர்கள் ஏற்று நடத்துகின்றன. ஆர்க்டிக் பகுதியின் குறுவில்லோக்களும் குள்ளப் பிர்ச்சுகளும், நேபாள இமயமலையில் மரவரம்புக்கு மேலே தரையோடு படரும் காசியோப் புதரும் விரல் தடிமனுக்குள் பல பத்தாண்டு வளையங்களை அடக்கி வைத்துள்ளன. ஒரு வளையம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் உப்புத்தாளும் லென்சும் போதமாட்டா. மெல்லிய சீவல் எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கடுமையான ஆண்டில் புதர் தண்டின் ஒரு பக்கம் மட்டும் வளையமிட்டு மறுபக்கம் விட்டுவிடும். சில ஆண்டுகளில் அடியில் வளையமே இடாமல் நுனிக்கிளையில் மட்டும் இடும். இதனால் வேர்க்கழுத்திலிருந்து நுனிவரை பல இடங்களில் வெட்டி ஒன்றோடொன்று ஒப்பிடும் தொடர்வெட்டு முறை கையாளப்படுகிறது. நெருக்கடிக்கு ஆட்பட்ட செடி எந்த உறுப்பைக் காத்து எதைக் கைவிடுகிறது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறு முறை அரிது. காரை, சூரை, ஆவாரை போன்ற இவ்வட்டாரத்துப் புதர்களையும் இந்த நோக்கில் ஆராய்வது இளம் தாவரவியலாளருக்குத் தக்க பணி.

இத்துறைக்கு வேண்டிய மூலப்பொருள் நாள்தோறும் மர அறுவை மில்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. புயலுக்குப் பின் பெருந்தொகையாக வந்து விறகாகவும் பலகையாகவும் போய்விடுகிறது. விழுந்த நாள் திட்டவட்டமாகத் தெரிந்த மரத்தின் கடைசி வளையத்துக்கு ஐயமின்றி ஆண்டு எழுதலாம் என்பதால், ஆய்வாளருக்கு அது நிற்கும் மரத்தைக் காட்டிலும் மதிப்புடையது, துளையிடவும் வேண்டியதில்லை. ஒரு மரத்துக்கு நான்கு விரல் தடிப்பில் ஒரு வட்டு போதும். பட்டை உரியாமல், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் அறுத்து, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மையத்திலிருந்து பிளந்து வளையங்கள் கெடும். மரத்தின் இனம், நின்ற இடம், மண், கிணறு அல்லது வாய்க்கால் எவ்வளவு தொலைவு, வெட்டிய அல்லது சாய்ந்த நாள், அறுத்த உயரம், வட்டின் வடதிசைக் குறி ஆகியவற்றை அழியாத மையால் வட்டின் பின்புறத்திலேயே எழுத வேண்டும். தனித்தாளில் எழுதியது தொலைந்துபோகும். கோவையில் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் மரக்கட்டைகளைச் சேர்த்துக் காத்துவருகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களின் வளையங்களை ஆராய்ந்த அனுபவம் உடையது. விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் பல்லாண்டுகளாக உழைத்துவருகிறது. கல்லூரித் தாவரவியல் துறைகளும் மில் உரிமையாளர்களும் முதலில் தேக்கைக் கொண்டு தொடங்கி, வேம்பு, பலா, முந்திரி என்று ஒவ்வோர் இனத்திலும் வளையம் தெளிவாக விழுகிறதா என்று சோதித்துச் செல்லலாம். 2011, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளின் நெருக்கடிகள் விட்ட தடங்களே ஒவ்வொரு வட்டிலும் தேடிப் பார்க்க வேண்டிய முதல் அடையாளங்கள்.